பரிசோடு ஓர் ஆளும் வேண்டும்

ஷோரூம் வாசலில் புது பைக். சக்கரத்தின் கீழே எலுமிச்சம்பழம், ஹேண்டில்பாரில் சாமந்தி மாலை, தெர்மாகோலில் செய்த முழநீளச் சாவியைக் கையில் பிடித்தபடி பதினெட்டு வயதுப் பையன், இருபுறமும் பெற்றோர். ஊழியர் ஒருவர் செல்பேசியில் படம் எடுக்கிறார். நம் ஊர்களில் நடுத்தரக் குடும்பத்துப் பையன்கள் பலரின் பதினெட்டாவது பிறந்தநாள் இப்போது இந்த ஒரே படத்தில் முடிந்துவிடுகிறது. வயதைக் கொண்டாடுவது தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலும் முதியவர்களுக்கு உரியதாகவே இருந்தது. அறுபதாம் கல்யாணம், எண்பதில் சதாபிஷேகம். பெண் பிள்ளைக்கு மஞ்சள் நீராட்டும் தாய்மாமன் சீரும் உண்டு. பையன் ஆளானதை ஊருக்குச் சொல்ல, பூணூல் போடும் சில சாதிகளை விட்டால், பெரிதாகச் சடங்கு எதுவும் இல்லை. பதினெட்டுக்கு அர்த்தம் கொடுத்ததே சட்டம்தான். 1988இல் நிறைவேறிய 61ஆவது அரசமைப்புத் திருத்தம் வாக்களிக்கும் வயதை 21இலிருந்து 18ஆகக் குறைத்தது. அதே ஆண்டு வந்த மோட்டார் வாகனச் சட்டம் கியர் வண்டி ஓட்ட 18 என்று வரம்பு வைத்தது. வாக்காளர் அட்டைக்கு யாரும் மாலை போடுவதில்லை. வண்டிக்குப் போடுகிறார்கள்.

வீட்டில் கால் தரிக்காத பையன்களின் விஷயத்தில் இந்த வழக்கம் இன்னும் உறுதியாகிவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை என்றால் ஏரிக்கரை, லீவு விட்டால் ஏதாவது மலை, மழை பெய்தால் குடையில்லாமல் வெளியே என்று இருக்கும் பிள்ளைக்கு என்ன வாங்குவது என்று யோசிக்கும் அப்பா, “காடு மேடுன்னு சுத்துறவனுக்கு வண்டியை விட வேறென்ன வேணும்?” என்ற முடிவுக்கு வருவதில் வியப்பில்லை. இந்தக் கட்டுரை அந்த முடிவோடு மாறுபடுகிறது. பைக் கெட்டது என்பதால் மட்டும் இல்லை. வெளியுலகில் நாட்டமுள்ள பிள்ளைக்கு எந்தப் பொருளை வாங்குவதற்கு முன்னும் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும்: இதைக் கையாளக் கற்றுத்தர, கூடவே இருக்க, யார் இருக்கிறார்? அந்த ஆள் கிடைத்தால் மலிவான பொருளும் ஒரு பையனின் வாழ்க்கையைத் திருப்பும். கிடைக்காவிட்டால் விலையுயர்ந்த பொருள் பரண் ஏறும், அல்லது ஆபத்தாகும்.

இதற்கு இந்தியாவில் நன்றாகத் தெரிந்த சான்று சாலிம் அலியின் இளம்பருவம். 1896இல் மும்பையில் பிறந்து, பெற்றோரை இழந்து, தாய்மாமன் அமிருத்தீன் தயாப்ஜியின் வீட்டில் வளர்ந்த அந்தச் சிறுவனின் கையில் இருந்தது மாமா கொடுத்த ஒரு விளையாட்டு ஏர்கன். அதைக் கொண்டு சிட்டுக்குருவிகளைச் சுட்டுக்கொண்டிருந்தான். ஒருநாள் சுட்ட குருவியின் தொண்டையில் மஞ்சள் திட்டு இருந்தது. மாமாவிடம் காட்டினான். அவருக்கும் அது என்ன பறவை என்று தெரியவில்லை. வேட்டைக்காரரான அந்த மாமா அடுத்து செய்ததுதான் முக்கியம்: அறிமுகக் கடிதம் ஒன்று எழுதி, பையனைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளர் டபிள்யூ.எஸ். மில்லார்டிடம் அனுப்பினார். மில்லார்ட் அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று சொன்னார். அத்தோடு விட்டுவிடாமல் கழகத்தின் அலமாரிகளைத் திறந்து, பாடம் செய்து வைத்திருந்த பறவைகளைக் காட்டினார், புத்தகங்களைப் படிக்கக் கொடுத்தார். துப்பாக்கி மட்டும் கிடைத்திருந்தால் அந்தப் பையன் மாமாவைப் போல இன்னொரு வேட்டைக்காரனாகியிருக்கக்கூடும். கோவையை அடுத்த ஆனைகட்டியில் பறவையியல் மையம் ஒன்று அவர் பெயரைத் தாங்கி நிற்பதற்குக் காரணம், துப்பாக்கியைத் தொடர்ந்து வந்த கடிதம்.

இந்த அளவுகோலில் பைக்கை வைத்துப் பார்க்கலாம். மலிவுப் பொருளோ சின்னப் பொருளோ இல்லை. ஆனால் அதை ஓட்டக் கற்றுத்தருவது யார்? காருக்காவது டிரைவிங் ஸ்கூலுக்குப் போகிறோம். இருசக்கர வண்டியைப் பெரும்பாலான பையன்கள் நண்பனின் வண்டியில், தெருமுனையில், திருட்டுத்தனமாகப் பழகுகிறார்கள். ஆர்.டி.ஓ. அலுவலக மைதானத்தில் கால் ஊன்றாமல் எட்டு போட்டுக் காட்டினால் உரிமம் வந்துவிடும். ஈரச் சாலையில் பிரேக் பிடிப்பது, லாரியின் மறைபுலத்திலிருந்து விலகுவது, மலைப்பாதையில் இறங்கும்போது கியரைக் குறைப்பது எல்லாம் விழுந்து எழுந்து கற்கவேண்டியவையாகவே இருக்கின்றன. எழ முடியாமல் போகிறவர்களும் உண்டு. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கைப்படி அந்த ஆண்டு நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள் மட்டும் சுமார் 44.5 விழுக்காடு. விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த ஆண்டு முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105. இன்னொரு செய்தியும் உண்டு. அமெரிக்க உளவியலாளர்கள் மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டெய்ன்பெர்கும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், கணினி வண்டியோட்ட விளையாட்டைத் தனியாக ஆடியபோது நிதானமாக இருந்த இளவயதினர், நண்பர்கள் பக்கத்தில் இருந்தபோது கணிசமாகக் கூடுதல் ஆபத்தைத் தேடிக்கொண்டார்கள். வயது வந்தவர்களிடம் அந்த மாற்றம் அவ்வளவாக இல்லை. பைக்கின் பின்சீட்டு காலியாக இருப்பது அபூர்வம் என்பதை நினைத்தால், இந்த முடிவு ஆய்வகத்தோடு நிற்பதில்லை.

பைக் காட்டுக்கு அழைத்துப் போகிறது என்பதும் பாதி உண்மைதான். கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். வாரக் கடைசியில் அங்கே கூட்டமாக வரும் இளைஞர்களில் பெரும்பாலோருக்கு அந்த எழுபதுதான் மலை. ஒவ்வொரு வளைவிலும் கண் தார்ச்சாலையில் இருந்தாக வேண்டும்; அதில் தவறேதும் இல்லை, அங்கே வேறெங்கும் பார்ப்பது உயிருக்கு உலை. ஆனால் மிளகுக்கொடி படர்ந்த மரங்களும் ஓடையும் அங்கே வாழும் மனிதர்களும் வேகமாகப் பின்னோக்கிப் போய்விடுகின்றன. ஏரிக்கரையில் மணிக்கணக்காகக் குந்தியிருந்த பையனுக்கு எழுபது வளைவுகளையும் எவ்வளவு நேரத்தில் கடந்தாய் என்ற கேள்வியைக் கொடுப்பது, அவனிடம் ஏற்கெனவே இருந்த பொறுமையைப் பிடுங்கிக்கொள்வது ஆகும்.

இங்கே ஒரு வலுவான எதிர்வாதம் இருக்கிறது: பையன் கேட்பதே பைக்தானே? பரிசைப் பற்றிய ஆய்வுகளும் முதலில் அவன் பக்கமே நிற்கின்றன. பிரான்செஸ்கா ஜீனோ, பிரான்சிஸ் ஃபிளின் என்ற இரு ஆய்வாளர்கள் 2011இல் காட்டியது இதைத்தான்: பரிசு பெறுபவர்கள் தாங்கள் வாய்விட்டுக் கேட்ட பொருளையே அதிகம் மதிக்கிறார்கள், கொடுப்பவர்களோ, கேட்காததைக் கொடுத்து அசத்தினால்தான் அன்பு தெரியும் என்று தப்புக்கணக்குப் போடுகிறார்கள். எனவே மகன் கேட்டதைத் தள்ளிவிட்டு அப்பா தன் ஆசையைச் சுற்றிக்கட்டிக் கொடுப்பது பரிசாகாது, உபதேசம் ஆகும். ஆனால் ஜெஃப் கலாக், ஜூலியன் கிவி, எலனார் வில்லியம்ஸ் மூவரும் 2016இல் எழுதிய கட்டுரை இன்னொரு பக்கத்தைத் திறக்கிறது. கொடுப்பவர் கைமாறும் அந்த நொடியை நினைக்கிறார். பெறுபவருக்கு முக்கியம், அதோடு கழியப்போகும் நாள்கள். தெர்மாகோல் சாவி முழுக்க அந்த நொடிக்கானது. ஆகவே மகனிடம் “என்ன வேணும்?” என்று கேட்டதோடு நிற்காமல் “அது கிடைத்தால் எங்கே போவாய், யாரோடு போவாய், போய் என்ன செய்வாய்?” என்றும் கேட்கலாம். மலை உச்சியில் கூடாரம் போடணும் என்று வந்தால் அவன் தேடுவது வேறு. கல்லூரிக்கு பஸ் சரியில்லை என்று வந்தால் அது பரிசுக் கணக்கிலேயே சேராது. அரிசி, பருப்பு, கல்விக்கட்டணம் போல அது வீட்டுத் தேவை. தேவையென்றால் வண்டியை வாங்கத்தான் வேண்டும், எல்.எல்.ஆர். போட்டு, நல்ல ஹெல்மெட்டோடு, பக்குவமாக ஓட்டும் ஒருவர் சில வாரங்கள் கூடப்போய்ப் பழக்கிய பிறகு, மாலையும் படமும் இல்லாமல். பதினாறிலேயே கொடுத்துவிடத் துடிக்கும் பெற்றோருக்குச் சட்டமே பதில் வைத்திருக்கிறது. 2019 திருத்தத்தின்படி சிறார் ஓட்டிய வண்டி குற்றத்தில் சிக்கினால் பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ மூன்றாண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். பையனுக்கு 25 வயதுவரை உரிமம் கிடையாது.

பைக்கை விட்டு நகர்ந்தவர்கள் அடுத்து போய் நிற்பது ஆன்லைன் கடையில்: ஹெல்மெட்டில் மாட்டும் கேமரா, பல கருவிகள் மடங்கிய கத்தி, நான்கு பேர் கூடாரம், நெற்றி விளக்கு. எல்லாம் கவர்ச்சியானவை. கூடாரத்தை எங்கே போடலாம், எங்கே போடக்கூடாது, ஓடைக்கு எவ்வளவு தள்ளிப் போடவேண்டும் என்று சொல்ல ஆளில்லாதபோது அது மொட்டைமாடியில் ஓரிரவு நின்றுவிட்டுச் சுருண்டுகொள்ளும்.

ஆளோடு சேர்ந்து வரும் பொருள் எப்படி இருக்கும் என்பதற்கு இருநோக்கியை (பைனாகுலர்) எடுத்துக்கொள்ளலாம். இதைப் பற்றிக் கொஞ்சம் விரித்தே சொல்லவேண்டும், ஏனெனில் பலரும் இதிலும் ஏமாறுகிறார்கள். கண்காட்சித் திடலில் பெரிய எண்கள் போட்டு விற்பவை பொம்மைகள். பறவை பார்ப்பவர்கள் நாடுவது 8×42 அல்லது அதையொட்டிய அளவு. எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடியின் விட்டம் 42 மில்லிமீட்டர் என்று பொருள். பெரிதாக்கும் மடங்கு கூடக்கூடக் கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும். காட்சிப் பரப்பும் குறுகும், கிளை தாவும் பறவையைக் கண்ணாடிக்குள் பிடிக்கவே முடியாது. முன்கண்ணாடி சின்னதானால் விடியற்கால மங்கல் வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாது, பறவைகளுக்கோ அதுதான் சுறுசுறுப்பான நேரம். தொடக்கத்துக்குப் போதுமான ஒன்று, நடுத்தர பைக் விலையில் பத்தில் ஒரு பங்குக்குள் அடங்கிவிடும். இவ்வளவும் பொருளைப் பற்றியது. ஆட்கள் எங்கே? அவர்கள் ஏற்கெனவே ஏரிக்கரையில் நிற்கிறார்கள். ஒவ்வொரு பொங்கல் விடுமுறையிலும் தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். கட்டணம் இல்லை, கால்மணி நேரம் ஒரு குளத்தங்கரையில் நின்று பார்த்ததை எண்ணி இபேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தில் ஏற்றினால் போதும். அனுபவசாலியான ஆசிரியரோ வங்கி ஊழியரோ புதியவனின் பக்கத்தில் நின்று, “அது உள்ளான் இல்லை தம்பி, காலைப் பாரு” என்று சொல்வார். அந்த ஒரு வாக்கியம் கடையில் கிடைக்காது. காடு தொலைவில் இருக்கிறதே என்பவர்கள் மா. கிருஷ்ணனை நினைத்துக்கொள்ளலாம். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனான அவர், 1950 முதல் 1996இல் தாம் இறக்கும்வரை ‘தி ஸ்டேட்ஸ்மன்’ இதழில் இயற்கையைப் பற்றித் தொடர்ந்து எழுதினார். யானைகளைப் பற்றி எழுதிய அதே அக்கறையோடு காக்கையையும் அணிலையும் பற்றி எழுதியவர்.

உடல் முறுக்கேறிய, உயரத்தைத் தேடும் பையனுக்கு இருநோக்கி போதாது என்பது உண்மை. அவனுக்கு மலை வேண்டும். எவரெஸ்ட் ஏறப்பட்ட மறு ஆண்டான 1954இல் டார்ஜிலிங்கில் இமயமலை மலையேற்றப் பயிற்சி நிலையம் தொடங்கியபோது, களப்பயிற்சிக்குத் தலைவராக அமர்ந்தவர் டென்சிங் நார்கே. 1965இல் உத்தரகாசியில் நேரு மலையேற்ற நிலையம் வந்தது. இவற்றின் அடிப்படைப் பயிற்சி ஏறத்தாழ நான்கு வாரம். கயிற்றில் முடிச்சுப் போடுவதில் தொடங்கி, பாறை, பனி என்று படிப்படியாக ஏறும். அரசு நிலையங்கள் என்பதால் கட்டணமும் ஒரு நல்ல செல்பேசியின் விலைக்கு மேல் போகாது. இத்தகைய பயிற்சியால் என்ன விளையும் என்பதற்கு ஜான் ஹாட்டி முதலிய நான்கு ஆய்வாளர்கள் 1997இல் 96 ஆய்வுகளைத் தொகுத்து ஒரு முடிவு சொன்னார்கள். சாகசப் பயிற்சி முடித்தவர்களின் தன்னம்பிக்கை, தன்னைத்தானே ஆளும் திறன் போன்றவை உயர்ந்தன. பொதுவாகக் கல்வித் திட்டங்களில் நாளாக நாளாக மங்கும் பலன், இதில் பயிற்சி முடிந்த பின்னும் வளர்ந்தது. குறுகிய பயிற்சிகளை விட நீண்டவை கூடுதல் பலன் தந்தன என்பதையும் அவர்கள் கண்டார்கள். ஒரு பகல் ஸிப்லைனில் தொங்குவதற்கும் நான்கு வாரம் கயிறு பிடிப்பதற்கும் உள்ள வேறுபாடு அது. இந்தப் பயிற்சி மரபின் பிறப்பே ஒரு பாடம். இரண்டாம் உலகப் போரில் கப்பல் நொறுங்கி உயிர்காப்புப் படகில் தத்தளித்தவர்களில், வலுவான இளைஞர்கள் சாக, வயதான மாலுமிகள் பிழைக்கிறார்கள் என்று கப்பல் நிறுவன உரிமையாளர் லாரன்ஸ் ஹோல்ட் கவலைப்பட்டார். அவரும் கல்வியாளர் குர்ட் ஹானும் சேர்ந்து 1941இல் வேல்ஸின் அபர்டவியில் ‘அவுட்வர்ட் பவுண்ட்’ பள்ளியைத் தொடங்கினார்கள். இளைஞர்கள் இறந்தது தசை வலு குறைவால் அல்ல என்று அவர்கள் நம்பினார்கள். கடலோடு பழக்கம் இல்லாததே குறை.

மலையும் கொல்லும், அதை மறைத்துப் பேச முடியாது. 2018 மார்ச் 11 அன்று போடிக்கு மேலே குரங்கணி மலையில் பரவிய காட்டுத்தீயில் சிக்கி மலையேற்றக் குழுவினர் 23 பேர் இறந்தார்கள். கோடையின் முகப்பில், காய்ந்த புல் மண்டிய சரிவில். அதன் பிறகுதான் மாநிலத்தில் மலையேற்றத்துக்கென்று முறையான விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டம் 14 மாவட்டங்களில் 40 பாதைகளை எளிது, நடுத்தரம், கடினம் எனப் பிரித்துத் திறந்தது. தீக்காலத்தில் பாதைகளை மூடுகிறது. உள்ளூர்ப் பழங்குடி இளைஞர்களைப் பயிற்றுவித்து வழிகாட்டிகளாக அனுப்புகிறது. இந்தப் புல் எந்த மாதம் பற்றும், இந்தச் சாணம் எத்தனை மணி நேரத்துக்கு முந்தையது, யானை எந்தப் பக்கம் போயிருக்கும் என்று தெரிந்த ஒருவர் முன்னால் நடப்பது பட்டணத்துப் பையனுக்குக் கிடைக்கும் பெரிய கல்வி. யாரை மதிப்பது என்ற அவனுடைய கணக்கையும் அது மாற்றக்கூடும். ஆள் இருந்தால் ஆபத்தே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 2022 அக்டோபரில் உத்தரகாசி நிலையத்தின் உயர்நிலைப் பயிற்சிக் குழு பனிச்சரிவில் சிக்கியபோது பயிற்சியாளர்களும் மாணவர்களோடு சேர்ந்தே இறந்தார்கள். ஆபத்தை முற்றாக ஒழிக்க விரும்பும் பெற்றோர் பையனை வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கலாம். அவனோ இருக்கப்போவதில்லை. சொல்லாமல் நண்பர்களோடு கிளம்புவான். அந்தப் பயணத்தோடுதான் பயிற்சியின் ஆபத்தை ஒப்பிட வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் நீச்சல். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2021இல் உலகில் நீரில் மூழ்கி இறந்தவர்கள் சுமார் 3 லட்சம் பேர். நம் காவிரிப் படித்துறைகளிலும் தடுப்பணைகளிலும் விடுமுறை தோறும் இறப்பவர்களில், தண்ணீரைக் கண்டதும் சட்டையைக் கழற்றும் இந்த வயதுப் பையன்கள் ஏராளம். ஒரு காலத்தில் கிராமத்தில் இந்தக் கல்விக்குத் தனிச் செலவு கிடையாது. இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டிக் கிணற்றில் இறக்கிவிட்டு, மாமனோ பெரியப்பனோ படியில் உட்கார்ந்திருப்பார். கிணறுகள் வற்றின, மாமன்கள் திருப்பூருக்கும் துபாய்க்கும் போய்விட்டார்கள். மகனுக்கு நீச்சல் தெரியாது என்றால் வேறெந்தப் பரிசையும் பற்றி யோசிக்க வேண்டியதில்லை.

இதெல்லாம் ஏன் மகனுக்கு மட்டும் என்று கேட்கும் வாசகரிடம் வாதிட ஒன்றுமில்லை. மலையேறத் துடிக்கும் மகளுக்கு நகை வாங்கிக் கொடுத்துவிட்டு இந்தக் கட்டுரையை மகனுக்காக மட்டும் படிப்பது அநியாயம். இன்னும் கடினமான கேள்வி படிப்பைப் பற்றியது. பதினெட்டு வருவதே பிளஸ் டூவும் நீட்டும் சேர்ந்து கழுத்தை நெரிக்கும் நேரத்தில். நான்கு வாரத்தை மலைக்குக் கொடுக்க எந்தக் குடும்பம் துணியும்? பிறந்த தேதியிலேயே கொடுத்தாக வேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டால் இது தீரும். இமயமலைப் பயிற்சிகளுக்கு உகந்த காலங்களில் ஒன்று மே, ஜூன்; தேர்வு முடிந்து கல்லூரி திறக்கும்வரை பையன் சும்மா இருப்பதும் அப்போதே. நம் ஊர்க் காடுகள் தீக்காலத்துக்காக மூடியிருக்கும் மாதங்களில் அவன் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பான். பறவைக் கணக்கெடுப்போ பொங்கல் லீவில் ஒரு காலைப்பொழுதைத்தான் கேட்கிறது.

இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும் என்பதால் மே மாதப் பயிற்சிக்குப் பல மாதங்களுக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். மருத்துவச் சான்று கேட்பார்கள். பையனை ஓடவும் படியேறவும் பழக்க வேண்டும், அதற்கு அப்பாவும் விடிகாலையில் எழ வேண்டியிருக்கும். உறையில் வைத்துக் கொடுக்க இருக்கப்போவது ஓர் அச்சிட்ட படிவம் மட்டுமே; படம் எடுத்தால் எடுப்பாக இராது. பதினெட்டு நிறையாதவனின் படிவம் பெற்றோரின் ஒப்புதல் கையெழுத்தையும் கேட்கும். பிறந்தநாள் கடந்த பிறகு வரும் படிவத்தில், ஆபத்தை அறிந்து வருகிறேன் என்ற வரிக்குக் கீழே, அவனே கையெழுத்துப் போடுவான்.